டிரெசர் ஐயா காதில் விழுந்த முனகல்

தன் குரல் சுமார்தான் என்று மனதார ஒப்புக்கொள்ளும் மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் எல்லாரும் பாடகர்களே. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே வித்தியாசம், என் குரலை மற்றவர்களும் கேட்டுவிட்டார்கள்.

பிள்ளைகளே, எங்கள் கோவில் பாடகர் குழு டிசம்பர் வந்துவிட்டால் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் கேரல் பாடும். அதில் எனக்குப் பல வருடங்களாக முக்கியமான பொறுப்பு இருந்தது. வேன் ஓட்டுவது, டார்ச் லைட் பிடிப்பது, வீட்டுக்காரர்கள் கொடுக்கும் பிஸ்கட் டின்களைச் சேதாரம் இல்லாமல் கொண்டுபோய் வைப்பது. பாட்டு நடக்கும்போது வாயை அசைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி உண்டு. (சத்தம் வரக்கூடாது.)

அந்த வருடம் பேஸ் பாடிக்கொண்டிருந்த அண்ணனுக்குச் சிங்கப்பூரில் நிரந்தரமாக இரவு வேலை வந்துவிட்டது. பேஸ் என்றால் கூட்டுப்பாட்டில் எல்லாருக்கும் கீழே ஒலிக்கும் ஆண் குரல். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. யாரும் அண்ணாந்து பார்த்துப் பாராட்ட மாட்டார்கள், ஆனால் இல்லாவிட்டால் வீடு சாய்ந்துவிடும். அந்த இடம் காலி என்றதும் நான் கையைத் தூக்கினேன். குழுவை நடத்தும் திரேசா டீச்சர் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாட்டை வாட்சப்புல அனுப்புறேன், ஆரோக்கியசாமி. நாலு குரலும் அதுல இருக்கு. உங்களுதைக் கேட்டுப் பழகிட்டு வாங்க."

பழகினேன். லேப்டாப்பில் போட்டு ஒரு வாரம் பழகிவிட்டு அடுத்த பயிற்சியில் நெஞ்சை நிமிர்த்திப் பாடினேன். டீச்சர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பாடுனது பொம்பளைங்க பாட்டு. சொப்ரானோ."

"அதுல வேற ஒண்ணும் கேக்கலையே, டீச்சர்."

"எல்லாருக்கும் கேக்குதே." கொஞ்சம் யோசித்தார். "சரி. வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஹாலுக்கு வாங்க. சரியா பாடுனா இடம் உங்களுக்கு. இல்லேன்னா பேஸை கீபோர்டுலயே வாசிச்சுச் சமாளிச்சுக்கிறேன்."

இன்னொரு மனிதனிடம் தோற்கலாம். பிளாஸ்டிக் பெட்டியிடம் தோற்றுவிட்டு எப்படி வேன் ஓட்டுவது?

நான் படிவம் மூன்று வரை, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் பிரிவில் இருக்கிறேன். என் குறையை அங்கே கூட வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் கொட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருகிறவர் அவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"அண்ணே, லேப்டாப் ஸ்பீக்கர் என் சுண்டு விரல் நகம் சைஸு. அதுல எங்கருந்து பேஸ் வரும்? இருந்தாத்தானே கேக்கும்."

கைப்பேசியோடு வந்த ஹெட்போனை லேப்டாப்பின் ஓட்டையில் சொருகியும் பார்த்தாயிற்று என்றேன். இரைச்சல்தான் வந்தது. மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்றது. சார்ஜர் மாட்டினால் 'உய்ங்' என்றது.

அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்த மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அதை ஒலியாக மாற்ற உள்ளே ஒரு சின்னப் பாகம் உண்டு. ஆனால் அதே இடத்தில்தான் காற்றாடி சுற்றுகிறது, மின்சாரம் ஓடுகிறது, நூறு வேலை நடக்கிறது. மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் நின்று ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்? அதனால் மாற்றுகிற வேலையையும், ஹெட்போனுக்குத் தெம்பு கொடுக்கிற வேலையையும் வெளியே ஒரு குட்டிப் பெட்டியிடம் கொடுத்துவிடுவது. சமையலறையை விட்டு வாசலுக்கு வந்து பேசுவது போல. அவ்வளவுதான் விஷயம்.

அன்றே பெட்டியும் புது ஹெட்போனும் இணையத்தில் வாங்கினேன், மறுநாளே வந்துவிட்டன. பெட்டி சோப்பு டப்பாவை விடச் சின்னது. ஒரு பக்கம் லேப்டாப்புக்குப் போகும் வயர், மறுபக்கம் ஹெட்போன் ஓட்டை, மேலே திருகுகிற பொத்தான். எல்லாவற்றையும் மாட்டிப் பாட்டைப் போட்டேன். பாட்டு பழைய லேப்டாப் ஸ்பீக்கரிலேயே வந்தது. பெட்டியைக் குலுக்கினேன். ஊதினேன். கவிழ்த்துத் தட்டினேன். (தக்காளி சாஸ் போத்தல் வராவிட்டால் செய்கிற எல்லாமும்.)

என் மனைவி ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா ஒரு ஆளு வந்திருக்குன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அதுக்கே தெரியாதா?"

"உங்க தங்கச்சி வந்தா நீங்க என்கிட்ட சொல்லாமலே இருப்பீங்க. அது மாதிரி." திரையின் மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, வந்த பெயர்களில் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

பொத்தானைக் குறைவாக வைத்து ஹெட்போனை மாட்டினேன். (நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் குறைவு, பிறகு கூட்டுவது. காது ஒன்று போனால் கடையில் வாங்க முடியாது.) பாட்டு ஆரம்பித்தது. முதலில் இரைச்சல் இல்லாததே விநோதமாக இருந்தது. பிறகு, எனக்குத் தெரிந்த பாட்டுக்குக் கீழே, ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை நாளும் அங்கேதான் நின்றிருக்கிறார். மெதுவாக, அகலமாக, அவசரமே இல்லாமல், 'ஊம்ம்... ஊம்ம்...' என்று மற்ற மூன்று குரல்களையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் பயிற்சி. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். என் ஹெட்போன் காதை முழுதாக மூடும் வகை. பாட்டு எனக்கு மட்டும்தான் கேட்கும். என் குரலோ எனக்குச் சரியாகக் கேட்காது, ஊருக்கெல்லாம் கேட்கும். அதனால் நாலு குரல் சேர்ந்த இனிமையான பாட்டு என் காதுக்குள் நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போனது 'ஊம்ம்' மட்டும். அதுவும் தொடர்ந்து இல்லை. பேஸுக்கு நடுவில் நிறைய ஓய்வு உண்டு. கொஞ்ச நேரம் அமைதி, திடீரென்று ஒரு 'ஊம்ம்', மறுபடி அமைதி.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் டிரெசர் ஐயா. ரெங்கம் பக்கம் தோட்டத்து மருத்துவமனையில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துத் தோட்டத்தில் டாக்டர் எப்போதாவது வருவார், டிரெசர்தான் எப்போதும் இருப்பார். ஊசி, கட்டு, பிரசவம், பாம்புக்கடி எல்லாம் அவர் கையில். முனகலை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர்.

புதன்கிழமை வேலி ஓரத்தில் என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?" என்றார்.

"குடிக்கிறேங்க ஐயா."

"ஒண்ணுக்குப் போறது?"

"போறேங்க ஐயா."

மறுநாள் எங்கள் கேட்டில் ஒரு போத்தல் பார்லித் தண்ணீர் தொங்கியது. அதற்கு மறுநாள் வாழைத்தண்டு. எவ்வளவு நல்ல மனுஷன் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் குடித்தோம், சமைத்தோம்.

சனிக்கிழமை வந்தது. ஸ்டெல்லா பிள்ளைகளைக் கோவில் மறைக்கல்வி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள். நான் இரும்புக் கிரில் கதவை உள்பக்கம் பூட்டினேன். கைப்பேசியை ஊமையாக்கினேன். கடைசிப் பயிற்சிக்கு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். கடைசி வரியில் ஒரு பாதாளச் சுரம் வரும். அதற்கு வயிற்றில் இருந்து மூச்சை எடுக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்து, முன்னால் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அதைப் பிடிப்பேன்.

வெளியே நடந்ததைப் பிறகு அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டிரெசர் ஐயா கிரில் அருகே வந்து கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஒரு மனிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்து கிடக்கிறான். முனகல் முந்தைய நாட்களை விட ஆழமாகிவிட்டது. (என் பெயரே ஆரோக்கியசாமி என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.) என் போன், ஸ்டெல்லா போன் இரண்டுக்கும் அடித்துப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு லிம் அங்கிளைக் கூப்பிட்டிருக்கிறார். லிம் அங்கிள் வீட்டில் இல்லாத கருவியே கிடையாது. பூட்டை வெட்டுகிற பெரிய கத்தரியோடு ஓடி வந்திருக்கிறார்.

நான் பாதாளச் சுரத்தில் இருந்தேன். திடீரென்று இரண்டு பேர் என் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி சோபாவில் போட்டார்கள். ஹெட்போன் கழன்று கீழே விழுந்தது. சட்டை மேலே போனது. வயிற்றில் சில்லென்று தைலம்.

"எங்க வலிக்குது?" என்றார் டிரெசர் ஐயா, விலாவை அமுக்கிக்கொண்டே.

"வலி இல்லைங்க ஐயா. பேஸ்."

"என்னது?"

"பாட்டு. பாடிக்கிட்டிருந்தேன்."

டிரெசர் ஐயா லிம் அங்கிளைத் திரும்பிப் பார்த்தார். "பிதற்றுறாரு."

"அலமாக்," என்று பதறினார் லிம் அங்கிள், என் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி. அவருக்குத் தமிழ் நன்றாக வரும். சின்ன வயதில் பாலோ என்ற ஊரில் எல்லாருடனும் பழகியவர். "பாட்டு எங்க? ஒரு சத்தமும் கேக்கல. கார் எடுக்கவா?"

நிரூபிக்க ஒரே வழிதான் தெரிந்தது. படுத்தபடியே பாடிக் காட்டினேன். "ஊம்ம்... ஊம்ம்..."

"பாத்தீங்களா, மறுபடி வந்துடுச்சு," என்றார் டிரெசர் ஐயா.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை தாண்டிவிட்டது. இவர்கள் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வரிசையில் உட்கார வைப்பதற்குள் அங்கே கீபோர்டுக்கு வேலை கிடைத்துவிடும். "ஐயா, ஒரே ஒரு தடவை இதை மாட்டிப் பாருங்க. அப்புறம் நீங்க எங்க சொன்னாலும் வர்றேன்," என்று கெஞ்சினேன். நோயாளியின் கடைசி ஆசை என்று நினைத்தாரோ என்னவோ, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு கை என் நாடியிலேயே இருந்தது.

பாட்டைப் போட்டேன். அவர் காதில் நாலு குரல். எதிரே நான் மட்டும், மனதுக்குள் தாளம் எண்ணிப் பாடினேன். அவர் முகம் முதலில் நெளிந்தது. பிறகு புருவம் ஏறியது. என் 'ஊம்ம்' எங்கே விழுகிறது என்று தெரிந்துவிட்டது. நாடி பார்த்த விரல் என் மணிக்கட்டிலேயே தாளம் போட ஆரம்பித்தது. பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, ரெண்டாவது அடியில கொஞ்சம் முந்திக்கிட்டீங்க."

"அப்படீங்களா?"

"அந்த ஆளு பொறுத்து வர்றாரு. நீங்க அவசரப்படுறீங்க."

அடுத்து லிம் அங்கிள் மாட்டினார். ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவைக்கு அவரே அழுத்தக் கற்றுக்கொண்டார். நான் பாட, அவர் தலையாட்டிக்கொண்டே "ஙாம், ஙாம்" என்றார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று இங்கே நாங்கள் சொல்வது அப்படித்தான். ஒரு வார காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

இன்னும் ஒரு சிக்கல்தான் பாக்கி. பூட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. வீட்டைத் திறந்து போட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

"நீங்க போங்க லா. நான் வீட்டுக்கு ஜாகா," என்று காவலுக்கு உட்கார்ந்துவிட்டார் லிம் அங்கிள். ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

டிரெசர் ஐயா தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழி நெடுக, "பொறுத்து வாங்க, பொறுத்து வாங்க," என்று ஸ்டீயரிங்கில் தட்டிக் காட்டினார். ஐந்து அடிக்கும் நேரத்தில் ஹாலுக்குள் நுழைந்தோம். நெற்றி நிறைய விபூதியோடு அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். என் சட்டையில் இருந்து தைல வாடை டீச்சர் வரைக்கும் போனது.

"உடம்பு சரியில்லையா, ஆரோக்கியசாமி?"

"இப்ப சரியாயிடுச்சு டீச்சர்."

மற்ற மூன்று குரலுக்கும் ஆட்கள் நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தது. இந்தத் தடவை காதில் எதுவும் இல்லை. ஆனால் கீழே நிற்கிற அந்த மனிதரின் இடம் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டேன். இரண்டாவது அடியில் பொறுத்தேன். கடைசி வரியில் வயிற்றைப் பிடித்துக் குனிந்து, பாதாளத்தில் இறங்கி, பத்திரமாக ஏறி வந்தேன்.

ஹாலில் ஒரு ஆள் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். டிரெசர் ஐயா.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷமா இந்தக் குரல் எங்க இருந்துச்சு?"

"லேப்டாப்புக்குள்ள மாட்டிக்கிச்சு டீச்சர்."

கீபோர்டை மூடி உறை போட்டார்கள். வகுப்பு முடிந்து பிள்ளைகளோடு உள்ளே வந்த ஸ்டெல்லா, முன்வரிசையில் டிரெசர் ஐயாவையும் கைப்பேசியில் அவருடைய அழைப்பையும் பார்த்துவிட்டு, "வீட்டுல யாரு இருக்கா?" என்று முதலில் கேட்டாள். பிறகுதான் டிரெசர் ஐயா நடந்ததை ஆரம்பத்திலிருந்து, மருத்துவ விளக்கத்தோடு, மொத்தக் குழுவுக்கும் சொன்னார். அன்றைக்குப் பயிற்சி அதற்கு மேல் நடக்கவில்லை. டெனர் பாடுகிறவர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

அந்த வருடம் கேரலுக்கு வேன் ஓட்ட வேறு ஆள் போட்டார்கள். டிரெசர் ஐயா வீட்டு வாசலிலும் நின்று பாடினோம். நான் ஆரம்பித்த மறுநொடி உள்ளே இருந்து, "எங்க வலிக்குது?" என்று குரல் வந்தது. ஒவ்வொரு வருடமும் வருகிறது. வீட்டில் நான் சும்மா முணுமுணுத்தாலே பிள்ளைகள் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார்கள். குழுவில் பேஸ் என்ற சொல்லே செத்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் திரேசா டீச்சர் போன வாரம் எங்களுக்கெல்லாம் அனுப்பிய செய்தியைப் படித்துக்கொள்ளுங்கள்:

"சொப்ரானோ ஆறு மணிக்கு வரவும். ஆல்டோ, டெனர் ஆறரைக்கு. வலி ஏழு மணிக்கு வந்தால் போதும்."

ஏழு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.