எங்கள் அண்ணன் போட்ட ஹெட்டு ஒழுகாது

ஆனைக்கரையில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவரும், பிரித்த எஞ்சினைத் திரும்ப மாட்டத் தெரிந்தவருமான என் அண்ணன் மொக்கையன் அவர்களுக்கு, ஏலப்பாறையிலிருந்து தங்கை பூமாரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பாப்பா அனுப்பிரியாவும் சுகம். உங்கள் மாப்பிள்ளையும் சுகம்தான், கொஞ்சம் வாடியிருக்கிறார். காரணத்தைப் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டிய எங்கள் தோட்டத்து லயத்தில் நான் கிசுகிசுத்தால் கடைசி வீட்டுக்காரர் பதில் சொல்கிறார்.

புகை தள்ளிய பைக்குக்கு நீங்கள் சிலிண்டர் ஹெட்டு வேலை பார்த்து அனுப்பினீர்கள் அல்லவா, வண்டி நன்றாகத்தான் மேடேறியது. போன வாரம் வாசலில் ஆயில் சொட்டியிருந்தது. இவர் குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். ஹெட்டும் சிலிண்டரும் சேரும், நடுவில் கேஸ்கெட் தகடு வைக்கும் இடத்தில் ஈரம். "உங்கண்ணன் கேஸ்கெட்ட ஒழுங்கா வைக்கல, அம்புட்டுத்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதை இவரைப் பெற்ற அத்தை குழாயடிக்குக் கொண்டுபோய், "மொக்கையன் கை வச்சதுலேருந்து வண்டி சளி புடிச்ச புள்ள மாதிரி ஒழுகுது" என்று எல்லோரிடமும் சொல்ல, என் குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். வீட்டுக்கு வந்தால் இவர், "வண்டிய என் சித்தப்பா மகன் கடையில குடுக்கப்போறேன். இனிமே ஆனைக்கரைப் பக்கம் திருப்ப மாட்டேன்" என்கிறார். ஆனைக்கரைப் பக்கம் என்றால் அது நம் வீடு, வண்டி திரும்பாவிட்டால் நான் எதில் வருவேன்?

"எங்கேருந்து ஒழுகுதுன்னு காட்டிட்டுப் பேசுங்க" என்றேன்.

"இந்தா, ஈரம் தெரியல?"

"கூரை ஒழுகுனா தண்ணி நிக்கிற எடத்துலயா ஓட்டை இருக்கும்?"

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உங்கள் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த மாதிரியே, மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டு எஞ்சினைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, பாப்பாவின் முகப்பவுடரை எடுத்து மேலிருந்து கீழ்வரை தூவினேன். "ஏட்டி, புள்ள மூஞ்சிக்கு இனி என்னத்தப் பூசுவ?" என்று அத்தை கத்த, அந்தச் சத்தத்தில் லயமே கூடிவிட்டது. இவர் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி வெள்ளை வெளேரென்று உறுமுகிறது, எங்கேயும் ஒரு துளி ஈரம் இல்லை. பவுடர்தான் வீண் என்று இவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு பவுடரில் மெல்ல ஒரு கறுப்புக் கோடு. கீழே இல்லை, உச்சியில்! டாப்பெட் மூடியில் தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி, ஹெட்டு கேஸ்கெட் இருக்கும் இடத்தில் வந்து தேங்கியது. மூடியின் போல்ட்டில் ஸ்பானர் வழுக்கிய கீறல் புதிதாகப் பளபளத்தது.

"இந்த மூடிய யாரு தொறந்தது?" என்றேன், கடைசி வீட்டுக்கும் கேட்கும்படியாக.

இவர் தேயிலைக் காட்டைப் பார்த்தார். "லேசா சத்தம் வந்துச்சு... சும்மா தொறந்து பாத்தேன்."

கழற்றினால், உள்ளே இருந்த ரப்பர் வளையம், இவர் திரும்ப மாட்டியதில் நசுங்கி வாய் பிளந்து கிடக்கிறது. அத்தை உடனே, "எம்மகன் சின்னதுலேருந்தே அப்படித்தான், எதையும் தொறந்து பாக்கணும்" என்று அதையும் பெருமையாகவே சொன்னார். எனக்கா தெரியாது பெருமைப்பட! குழாயடியில் சொன்னேன், ஃபேக்டரியில் சொன்னேன், தராசு பிடிக்கிற நல்லமுத்து அண்ணனிடம் தேயிலை எடையைவிட அதிக நேரம் சொன்னேன். புது வளையம் மாட்டியபின் இவரே, "உங்கண்ணன் வேலைக்காரன்தான்" என்று ஒப்புக்கொண்டார். எங்கள் அண்ணன் போட்ட ஹெட்டு ஒழுகாது என்று இந்த மலையில் இப்போது தெரியாதவர் இல்லை.

அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் கையில் ஸ்பானர் வழுக்காமலும் எந்த போல்ட்டும் மரை கழலாமலும் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நடக்கும் தங்கை,
பூமாரி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஆனைக்கரை போகும் ஜீப்பில் கொடுத்துவிடுவதற்கு முன், வெற்றியை இன்னொரு முறை பார்க்கலாமே என்று காலையில் மீண்டும் பவுடர் போட்டு எஞ்சினை ஓடவிட்டேன். டாப்பெட் மூடி காய்ந்து கிடக்கிறது. ஆனால் ஹெட்டு சேருமிடத்தில், இடது ஓரம், மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு அண்ணே. யாரும் பார்க்குமுன் துடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இவர் யூனியன் கூட்டத்துக்கு ஜீப்பில் போய்விடுவார், வண்டி வீட்டில்தான் நிற்கும். பாப்பாவைப் பார்க்க வந்த மாதிரி வாருங்கள். பையில் அடியில் கேஸ்கெட், மேலே முறுக்கு. முறுக்கு நல்ல கெட்டியாக இருக்கட்டும். நீங்கள் ஹெட்டைக் கழற்றி மாட்டும்வரை அத்தை வாய் அதிலேயே இருக்க வேண்டும்.