முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிப் போய் உட்கார்ந்த நாற்காலி

மாரத்தான் ஓடுகிறவர்கள் சுறுசுறுப்பானவர்கள் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டது யாரென்று தெரியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னைப் போலக் களைத்துக் கிடந்த மனிதன் ஓசூர் தொழிற்பேட்டையிலேயே இருந்திருக்க மாட்டான். கேன்டீன் வரிசையில் தட்டை நீட்டியபடி தூங்கியிருக்கிறேன். தரக்கட்டுப்பாட்டு மீட்டிங்கில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். (அதுவும் ஒரு பயிற்சிதான். ஆனால் அதற்கு மெடல் கிடையாது.)

வம்பு ஒரு நோட்டீஸில் ஆரம்பித்தது. மார்ச் மாதம் பெங்களூரில் மாரத்தான், விருப்பமுள்ள ஊழியர்கள் பெயர் கொடுக்கலாம் என்று கம்பெனியில் ஒட்டியிருந்தார்கள். பத்து கிலோமீட்டருக்குக் கொடுக்கலாம் என்றுதான் போனேன். எச்.ஆரில் இருந்த பெண் என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, "சார், அஞ்சு கிலோமீட்டர் வாக்கிங்கும் இருக்கு சார்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் பேனாவை வாங்கி முழு மாரத்தானுக்கு நேராக டிக் அடித்துவிட்டு, நடையில் ஒரு கம்பீரத்தோடு வெளியே வந்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்பது ஓசூரிலிருந்து கிளம்பிக் கிருஷ்ணகிரியை எட்டிப் பார்க்கிற தூரம் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. வயதுக்கு ஒரு கிலோமீட்டர், போனஸாக இன்னொன்று.

நான் அருப்புக்கோட்டைக்காரன். மார்கழியில் ஃபேனை நான்கிலிருந்து மூன்றுக்குக் குறைத்தால் எங்கள் ஊரில் அது குளிர்காலம். ஓசூர் மார்கழி வேறு சாமான். காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது. பனி தின்றிருக்கும். குரங்குக் குல்லா, இரண்டு பனியன், மனைவியின் ஸ்வெட்டர் எல்லாம் மாட்டிக்கொண்டு தொழிற்பேட்டைச் சாலைகளில் ஓடுவேன். அந்தக் கோலத்தில் ஒருவன் பனிக்குள்ளிருந்து இரைக்க இரைக்க வெளியே வந்தால் நாய்கள் என்ன நினைக்கும்? அவை நினைத்தது நியாயம்தான். என்னுடைய மிகச் சிறந்த வேகம் எல்லாம் அவை துரத்தியபோது வந்ததே.

செல்போனில் இறக்கிவைத்திருந்த பயிற்சி அட்டவணைப்படி, தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமை என் மச்சினிக்கு நிச்சயதார்த்தம். மாமனார் ஊர் சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளிக்கு முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு கிராமம். தக்காளியும் ரோஜாவும் போடுகிற குடும்பம். மூத்த மாப்பிள்ளை என்கிற முறையில் லக்னப் பத்திரிகை வாசிக்கும் பொறுப்பை மாமனார் எனக்குக் கொடுத்திருந்தார். "மாப்ளே கொரலு கணீர்னு இருக்கும்" என்று சம்பந்தி வீட்டாரிடம் பெருமையாக வேறு சொல்லிவைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்குள் வாசித்துத் தட்டு மாற்ற வேண்டும்.

என் மனைவி வனிதா, என் வேட்டி சட்டையையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தனியாக உட்கார்ந்து மேப்பைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து மாமனார் வீட்டு வாசல் வரை முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி ஒரு பொருத்தம் கல்யாண ஜாதகத்தில்கூட அமையாது.

சனிக்கிழமை சாயங்காலம் வனிதா போன் செய்தாள். "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?"

"அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பிருவேன்."

"பரவால்லயே! அவ்ளோ சீக்கிரமா? மொத பஸ்ஸா?"

"ம்ம்" என்றேன். (அந்த 'ம்ம்' பிறகு பல வருடங்களாக விசாரணையில் இருக்கிறது.)

ஞாயிறு ஐந்து மணிக்கு, மாரத்தானுக்காகக் கம்பெனி கொடுத்த நம்பர் பனியனை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் பத்து கிலோமீட்டர் பனி. சர்வீஸ் ரோட்டில் என் இரைப்புச் சத்தம் எனக்கே கேட்காத அளவுக்குப் பக்கத்தில் லாரிகள். வெளிச்சம் வந்த பிறகு வேறு தொந்தரவு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்கள் ரொம்ப நல்லவர்கள். நடுத்தர வயது ஆள் ஒருவன் ஹைவேயில் ஓடுவதைப் பார்த்துச் சும்மா போக அவர்களால் முடியாது.

"என்னாங்க, பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறுங்க."

"இல்லீங்க, சும்மா ஓடுறேன்."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் யாராவது துரத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். ஒரு முட்டைக்கோஸ் வண்டிக்காரர் அரை கிலோமீட்டர் என் கூடவே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, "எந்தப் பிரச்சனையா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூளகிரியில் நான்கு வாழைப்பழம் தின்றேன். அது மூன்று பழம் அதிகம் என்று இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் வயிறு சொல்லியது. இருபத்தேழில் பாட்டும் மேப்புமாக உழைத்த செல்போன் அணைந்தது. இருபத்தெட்டில் வலது தொடை பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் நான் ஓடினேன் என்று சொல்வது ஓட்டத்துக்கு அவமரியாதை. ஒரு காலை வைத்து, இன்னொரு காலை இழுத்து, கதவு பெயர்ந்த பீரோவைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் என்னையே தள்ளிக்கொண்டு போனேன். அந்த நேரத்தில் எனக்கு மாரத்தான் வேண்டாம், மெடல் வேண்டாம், ஒரு நாற்காலி போதும் என்று தோன்றியது. கை வைத்த நாற்காலியாக இருந்தால் விசேஷம்.

மேப் இல்லாமல், பழகிய பிரிவு என்று நினைத்து இடதுபக்கம் பிரிந்த தார்ச் சாலையில் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் சாமியானா தெரிந்தது. அதன் நிழலில் வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். டெம்போவிலிருந்து கூடை கூடையாக ரோஜாவும் சாமந்தியும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாமனார் ஜமாய்த்துவிட்டார் என்று நினைத்தபடியே போய் முதல் நாற்காலியில் விழுந்தேன்.

யாரோ ஒரு பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டார் என்று நினைத்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன். அவர்களும் தலையைக் குனிந்து கும்பிட்டார்கள். மரியாதை தெரிந்த ஜனங்கள். பக்கத்தில் இருந்த தலைப்பாகைப் பெரியவர் தெலுங்கில் ஏதோ கேட்டார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தெலுங்கும் கன்னடமும் தமிழ் அளவுக்கே புழங்கும். எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார்.

"எங்க இருந்து வர்றீங்க சாமி?"

"ஓசூருங்க."

"கம்பெனியா?"

"ஆமாங்க."

"எதுல வந்தீங்க? காலெல்லாம் புழுதியா இருக்குது?"

"ஓடியே வந்தேங்க" என்றேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

பெரியவர் என் முகத்தையே பார்த்தார். அவர் கண் கலங்கியது. திரும்பிப் பின்வரிசையிடம் தெலுங்கில் சொன்னார். அங்கிருந்து அடுத்த வரிசைக்குப் போனது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாரத்தான் பயிற்சிக்கு இத்தனை மதிப்பா என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே தொடை மறுபடி இழுத்தது. இம்முறை முழு வீச்சில். "ஐயோ! அம்மா! ஐயையோ!" என்று தொடையில் அறைந்துகொண்டு கத்தினேன்.

வீட்டுக்குள்ளிருந்து நான்கைந்து பெண்கள் ஒரே குரலில் அழ ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பியது.

இறந்தவர் பெயர் முனியப்பா. ஓசூரில் இருபத்திரண்டு வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவர். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வரக் காத்திருந்த கூட்டத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறேன். மாமனார் ஊர் அதற்கு அடுத்த பிரிவுச் சாலை. எழுந்து போய்விடலாம் என்றால் கால் மடங்கவில்லை. முனியப்பாவின் மகன் மஞ்சுநாத் ஆம்புலன்ஸிலிருந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். தலைப்பாகைப் பெரியவர் அவர் காதில் என்னவோ சொல்ல, நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஓசூர்ல இருந்து ஓடியே வந்தீங்களாண்ணே? அப்பாவுக்காகவா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் என் கைகளை விடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ஒரு மாலையைக் கொடுத்தார்கள். முன்பின் பார்த்திராத முனியப்பாவுக்கு, அரை டிராயரும் நம்பர் எழுதிய பனியனுமாக நின்று மாலை போட்டேன். நல்ல முகம். ஷிப்டுக்கு ஓடிவருகிற ஆளைக் கண்ணாடியில் பார்த்து இன்னும் அரை நிமிடம் நிறுத்தியிருப்பார் என்று தோன்றுகிற முகம். எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. களைப்புதான் காரணமா என்று இன்றுவரை தெரியவில்லை.

யாரோ மணி பதினொன்று என்றார்கள். பதறிப்போய், போக வேண்டிய ஊரின் பெயரைச் சொன்னேன். மஞ்சுநாத்தின் சித்தப்பா மகன் பைக்கை எடுத்தார். ஏறி உட்கார்ந்து பழக்கதோஷத்தில், "அப்ப போயிட்டு வாரேங்க" என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. அந்தத் துக்கத்திலும் பத்துப் பேர் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

மாமனார் வீட்டில் சம்பந்திகள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, பத்திரிகை வாசிக்க வேண்டிய கணீர்க் குரலுக்காகக் காத்திருந்தார்கள். பைக் நின்றது. என் தலையில் ரோஜா இதழ், கழுத்தில் வேர்வை. மாமனார் வாசலுக்கு வருவதற்குள் பைக்காரர் முந்திக்கொண்டார்.

"எங்க பெரியப்பா சாவுக்கு வந்தாருங்க. ஓசூர்ல இருந்து ஓடியே வந்தாரு. இந்தக் காலத்துல யாருங்க வருவாங்க!" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

மாமியார் உள்ளிருந்து அலறினார். "மாப்ளே! அங்கயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வெக்காதீங்க!"

அந்தக் காலையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

ஜமக்காளத்தில் சலசலப்பு. மாமனார் நிலைமையைச் சமாளிக்க, "பொணம் எதுக்க வந்தா நல்ல சகுனம்னு சொல்லுவாங்க" என்றார். மாப்பிள்ளைப் பையனின் அத்தை விடவில்லை. "எதுக்க வந்தா நல்லதுதானுங்க. இவரு கூட இருந்துட்டில்ல வந்துருக்காரு?"

வனிதா வந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த தொட்டியைக் காட்டினாள். தை மாதத்துத் தொட்டித் தண்ணீர். முதல் வாளி தலையில் விழுந்தபோது முனியப்பாவுக்குத் துணையாகப் போய்விடுவேன் என்றே நினைத்தேன்.

"செத்தது யாரு?" என்றாள்.

"தெரியாது."

"தெரியாதவங்க சாவுக்கா முப்பது கிலோமீட்டரு ஓடுனீங்க?"

"நம்ம வீட்டு விசேஷத்துக்குத்தான் ஓடி வந்தேன். நடுவுல அங்க உக்காந்துட்டேன்."

இரண்டாவது வாளி கொஞ்சம் வேகமாக வந்தது. மூன்றாவது வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு வேட்டி சட்டையோடு எழுந்து நின்று லக்னப் பத்திரிகை வாசித்தேன். மாப்பிள்ளையின் தாத்தா பெயர் வந்த இடத்தில் தொடை இழுத்தது. "ஸ்ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்ததை அவர்கள் பெயரோடு சேர்த்துக் கேட்டிருக்கலாம். எமகண்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு தட்டு மாற்றினார்கள். அத்தை கடைசி வரை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மற்றபடி நிச்சயம் நிச்சயமாகிவிட்டது.

பைக்காரர் வழியிலேயே என் போன் நம்பரை வாங்கிவைத்திருந்தார். பதினோராம் நாள் காரியத்துக்கு அழைப்பு வந்தது. வனிதாவையும் கூட்டிக்கொண்டு (பஸ்ஸில்) போனேன். பொய்யைத் தொடையில் சுமந்துகொண்டு திரிய என்னால் முடியவில்லை. சாப்பாடு முடிந்ததும் மஞ்சுநாத்தைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாரத்தான், மேப், தப்பான திருப்பம், நாற்காலி, எல்லாம்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "தெரியும்ணே" என்றார். "நீங்க மாலை போடறப்ப பனியன்ல நம்பரப் பாத்தவுடனே புரிஞ்சிடுச்சி."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"இருவத்திரெண்டு வருசம் ஓட்டுனாருண்ணே. அன்னிக்கு ஓசூர்ல இருந்து ஒருத்தரும் வரல. எல்லாருக்கும் டியூட்டி. அம்மா வாசலயே பாத்துனு இருந்தாங்க. நீங்க ஒருத்தரு வந்து உக்காந்தீங்க. ஓடி வந்தேன்னு வேற சொல்லிட்டீங்க. அம்மா இன்னி வரைக்கும் வர்றவங்க எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லினு இருக்காங்க. அப்படியே இருக்கட்டும்ணே."

நான் தலையாட்டினேன். அந்த வீட்டில் எனக்கு வருகிற ஒரே பதில் அதுதான் போலிருக்கிறது. உள்ளே போய் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தோம். ஓசூர் பஸ்ஸில் வனிதா எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள். என் தலை அவள் தோளில் சாய்ந்து தூங்கியபோது தள்ளிவிடவும் இல்லை.

மார்ச்சில் மாரத்தான் ஓடினேன். ஆறே முக்கால் மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பு வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெடல் தருகிற மேசையை மடக்கிவிட்டதால், அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்கள். அன்றோடு ஓட்டத்தை விட்டேன்.

ஓட்டம் என்னை விடவில்லை. இன்றைக்கும் சொந்தத்தில் எங்காவது ஒரு சாவுச் செய்தி வந்தால் மாமனார் எனக்குத்தான் முதலில் போன் செய்கிறார். இறந்தது யார், எடுப்பது எப்போது என்ற விவரமெல்லாம் சொல்லி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தில் துளி சிரிப்பும் இல்லாதது போனிலேயே தெரிகிற குரலில் கேட்பார்:

"மாப்ளே, பஸ்ஸுலயா, இல்ல ஓடியேவா?"