எடைக்குச் சாப்பாடு

பெல்ட்டில் இருந்த கடைசி ஓட்டையும் போதவில்லை. நூல் தன் காம்பஸ் முனையால் புதிதாக ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தான்.

அறைத்தோழன் பீரோ தன் கட்டிலில் படுத்தபடியே அதை வேடிக்கை பார்த்தான். "காலேஜுக்கு வந்தா எல்லாரும் ஊதிப்போவாங்கடா. நீ மட்டும் எப்படிடா தேய்ஞ்சுக்கிட்டே போற?"

"அதான் எனக்கும் புரியல," என்றான் நூல்.

இரண்டுமே விடுதியில் வைத்த பெயர்கள். ஆட்களை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நூலுக்கோ இது கேலியோடு போகிற விஷயம் இல்லை. எடை குறைந்தால் அவன் படிப்பே போய்விடும்.

அவன் அப்பா பழைய பேப்பர், இரும்புக் கடை வைத்திருப்பவர். இயந்திரவியல் படிக்க வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. தட்டை முன்னால் வைத்தாலே பராக்குப் பார்க்கிற பிள்ளை, அங்கே யார் இவன் பின்னால் ஓடப்போகிறார்கள் என்று அழுதார். அப்பா கடை வழக்கப்படியே வழக்கைத் தீர்த்தார். மகனைக் கடைத் தராசில் ஏற்றி, முள் நின்ற இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். பருவத்தின் நடுவில் தராசோடு கல்லூரிக்குப் போவோம், முள் கோட்டைத் தொட்டால் படிக்கட்டும், தொடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து கடையில் உட்காரட்டும் என்றார். அம்மா உடனே சரி என்றார். அப்பாவின் தராசுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்தத் தராசு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரையோடு ஓர் இரும்புப் பலகை. அதன் அடியில் நெம்புகோல்கள். பின்னால் ஒரு தூண், தூணின் உச்சியில் கடிகாரம் போல வட்ட முகம், அதில் ஒரு முள். பலகையின் எந்த மூலையில் பாரம் விழுந்தாலும் நெம்புகோல்கள் அதைக் கூட்டி முள்ளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பாரம் எவ்வளவு என்று பலகைக்குத் தெரியும். யாருடையது என்று தெரியாது.

பேப்பர் போட வருகிறவர்களில் சிலர் இந்த சூட்சுமத்தைத் தெரிந்துவைத்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செருப்பு நுனியால் பலகையின் ஓரத்தை அழுத்துவார்கள். பேப்பரை நனைத்துக் கொண்டுவருகிறவர்கள், கட்டுக்குள் கல் வைக்கிறவர்கள் தனி. அப்பா ஒருவரையும் தப்பவிட்டதில்லை. தானும் யாரையும் ஏமாற்றியதில்லை. கடையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், "முள்ளைப் பார்க்காத, காலைப் பாரு."

இப்படிப்பட்டவரின் மகன் சாப்பாட்டுத் திட்டம் தேர்ந்தெடுக்கப் போனான்.

கல்லூரியில் சாப்பிட அட்டை வேண்டும். அட்டைக்குள் ஒரு திட்டம் இருக்க வேண்டும். திட்டங்களை விளக்க, உணவு அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். மாணவர்கள் அவரை அட்டை அக்கா என்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். அவர் விளக்கினால் எல்லாமே புரிந்துவிடும். அதுதான் ஆபத்து.

"முழுத் திட்டம் எடுத்துக்கோங்க தம்பி. சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்கிற நேரமெல்லாம் உள்ள போகலாம். வேணுங்கிறதை எடுத்துக்கலாம். கேள்வியே கிடையாது."

ஒரு கேள்வி இருந்தது. கூடம் எங்கே இருக்கிறது என்பதுதான் அது. நூல் அதைக் கேட்கவில்லை.

கூடம் மேட்டின் உச்சியில் இருந்தது. அவன் பட்டறை வகுப்பு வளாகத்தின் மறுகோடியில், பள்ளத்தில். மதிய இடைவேளை மணி அடித்ததும் ஓடுவான். மூச்சு வாங்க மேடேறி, முகம் கழுவி, தட்டை எடுத்து நாலு வாய் போடுவதற்குள் திரும்ப இறங்க நேரமாகிவிடும். கொஞ்ச நாளில் கால்சட்டை நழுவ ஆரம்பித்தது. தன் பாடத்தின்படியே யோசித்துப் பார்த்தான். எஞ்சினுக்குள் ஊற்றுகிற எரிபொருளைவிட, மேடேற எரிகிற எரிபொருள் அதிகம்.

அட்டை அக்கா இதைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். "அப்ப வாரத் திட்டம்தான் உங்களுக்குச் சரி. வாரத்துக்கு இத்தனை சாப்பாடுன்னு அட்டையில ஏத்திடுவோம். பட்டறை பக்கத்துலயே ஒரு கவுண்டர் இருக்கு, பொட்டலமா வாங்கிக்கலாம். ஒண்ணே ஒண்ணு, மிச்சம் இருந்தா வாரக் கடைசியில அழிஞ்சிடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

புரிந்தது அழிந்துவிடும் என்ற வார்த்தை மட்டும்தான். பழைய இரும்புக் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பொருள் இருந்தால் சேர்த்துவைக்கத்தான் தோன்றும். துருப்பிடித்த ஆணியைக்கூட டப்பாவில் போட்டு மூடுகிற வீடு அது. காலைச் சாப்பாட்டைச் சேமித்தான். சில நாள் மதியத்தையும் சேமித்தான். எல்லாவற்றையும் கடைசி நாளில் மொத்தமாகச் சாப்பிட்டுவிடலாம் என்பது கணக்கு.

கடைசி நாள் கவுண்டரில் பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றான். முதல் பொட்டலத்துக்குப் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவதற்குச் சிவப்பு. உணவு அலுவலகத்துக்கு ஓடினான்.

"ஒரு வேளைக்கு ஒண்ணுதான் தம்பி," என்று அட்டை அக்கா விளக்கினார். "இல்லன்னா எல்லாரும் கடைசி நாள்ல வந்து குவிஞ்சுடுவாங்கல்ல? சமையக்கட்டு தாங்காது. அதுக்காகத்தான் மெஷின்ல அப்படி வச்சிருக்கோம்."

நியாயமாகத்தான் இருந்தது. "அப்ப மிச்சம்?"

"போயிடும்."

"நல்லா இருக்கிற சாமானை யாராவது தூக்கிப் போடுவாங்களாக்கா?" என்றான் நூல்.

அட்டை அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. விருந்தாளி வசதி என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். கூட யாரையாவது அழைத்துவந்தால், அவர் சாப்பாடும் இதே அட்டையில் கழியும். அன்று நூல் பீரோவையும் அடுத்த அறைக்காரர்களையும் அழைத்துக்கொண்டு போனான். ஒரு சாப்பாடும் வீணாகவில்லை. நிம்மதியாகத் தூங்கினான்.

மறுவாரம் தொடங்கியதும் அறை வாசலில் ஆட்கள் நின்றார்கள். சிலரை அவன் முன்னே பின்னே பார்த்ததுகூட இல்லை. வாரம் பாதி ஆவதற்குள் அட்டை காலி. மீதிப் பாதியில் நூல் மேசையோரம் உட்கார்ந்து, தன் விருந்தாளிகள் தங்கள் சொந்த அட்டையில் வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பீரோ மட்டும் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். பெரிய பாதியைத் தான் வைத்துக்கொண்டான்.

"புள்ளித் திட்டத்துக்கு மாறிடுங்க," என்றார் அட்டை அக்கா, இந்த முறை நாற்காலியைக் கண்ணாடிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு. "புள்ளி அழியாது. சேர்த்துவச்சுக்கலாம். இன்னொருத்தருக்குப் போகாது. நூலகத்துக்குக் கீழ இருக்கிற கடையில உங்களுக்கு வேணுங்கிறதை நீங்களே தட்டுல எடுத்துக்கலாம். தட்டை எடை போட்டு, எடைக்கு ஏத்த மாதிரி புள்ளி கழிப்பாங்க."

எடை என்று கேட்டதும் நூலின் முகம் பல நாட்களுக்குப் பிறகு மலர்ந்தது. இத்தனை நாள் புரியாத பாஷையில் திண்டாடியவனுக்குத் தாய்மொழி கேட்டது போல இருந்தது. எடைக்கு வாங்குவது பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கனமான சரக்கில் புள்ளி போய்விடும். இலேசானதை அள்ள வேண்டும்.

அவித்த முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தான். உருளைக்கிழங்கின் பக்கம் போகவே இல்லை. கீரைத் தழை, கண்ணாடி போல் சீவிய வெள்ளரி, சோளப்பொரி என்று அடுக்கினான். தட்டு கோபுரமாக நின்றது. எடை மெஷினில் எண் அசையக் கூச்சப்பட்டது. கல்லாக்காரர் தட்டைத் தூக்கிப் பார்த்து, மெஷினைத் தட்டிப் பார்த்து, மறுபடி தட்டை வைத்துப் பார்த்தார். நூலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆடுகூட இதைவிட நல்லா சாப்பிடும்டா," என்றான் பீரோ.

"ஆட்டுக்கு எடைக்கணக்கு தெரியாது."

அந்தக் கணக்கின் பலன்தான் பெல்ட்டில் புதிய ஓட்டை. அட்டையில் புள்ளி குவிந்துகிடந்தது. இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. மறுநாள் காலை வந்துவிடுகிறோம் என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். பின்னால் அம்மாவின் குரல், தராசை ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டது.

பீரோ எழுந்து உட்கார்ந்தான். ரொட்டிக் கடன் அவனை உறுத்தியிருக்க வேண்டும். காலையில் முடிந்தமட்டும் தண்ணீர் குடிக்கச் சொன்னான். பட்டறையிலிருந்து போல்ட்டும் நட்டும் இரவல் வாங்கிவந்து நூலின் கால்சட்டைப் பைகளில் திணித்தான். இதையெல்லாம் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறோமே என்று நூலுக்குத் தோன்றியது. எங்கே என்று யோசிக்கத்தான் தலை ஓடவில்லை.

வேன் விடுதி முற்றத்தில் வந்து நின்றது. அப்பாவோடு பல வருடமாக இருக்கும் ஓட்டுநர் தராசைத் தூக்கிவந்து வைத்தார். விடுதிப் பையன்கள் கூடிவிட்டார்கள்.

அம்மா மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "கன்னம் எங்கடா?"

"நாம பேச வேண்டாம். தராசு பேசட்டும்," என்றார் அப்பா. மகனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், கட்டிக் கொண்டுவந்த பேப்பரைப் பார்ப்பது போல. வயிற்றில் விரலால் தட்டினார். உள்ளே தளும்பியது.

"நனைச்ச கட்டு. போயிட்டு வா."

போய் வந்தான். நடக்கும்போது பை குலுங்கியது.

"கட்டுக்குள்ள கல்லு. கீழ கொட்டு."

போல்ட்டும் நட்டும் முற்றத்தில் சிதறின. பழக்கதோஷத்தில் ஓட்டுநர் குனிந்து அவற்றை அளவு வாரியாகப் பிரிக்கத் தொடங்கினார். பீரோ வானத்தைப் பார்த்தான்.

நூல் பலகையில் ஏறினான். முள் எழுந்தது, நடுங்கியது, சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே ஆடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போதும். பெட்டியைக் கட்டு."

"அம்மா, இப்பதாம்மா லேத்துல கை வைக்க விட்டிருக்காங்க," என்றான் நூல். "முதல் தடவையா நானே ஒரு உருளையைக் கடைஞ்சேன். வாத்தியார் அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்."

அப்பா மகனையே பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசை ஒட்டி வந்து நின்றார். "அழாத, முள்ளு இன்னும் ஆடுது. நிக்கட்டும்," என்று குனிந்தார்.

அம்மா, பீரோ, கூடியிருந்த பையன்கள், நூல், எல்லோர் கண்ணும் முள்ளின் மேல். முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கோட்டைத் தொட்டது. தாண்டி நின்றது.

"பார்த்துக்கோ," என்றார் அப்பா. "கூடியிருக்கு. படிக்கட்டும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனை ஏற இறங்கப் பார்த்தார். தராசைச் சந்தேகிக்க முடியாது. கண்ணையும் நம்பாமல் இருக்க முடியவில்லை. "கன்னம் ஒட்டிக் கிடக்கு, இடுப்பைக் காணோம். அப்புறம் எங்கதாங்க கூடியிருக்கு?"

"எலும்புல," என்றார் அப்பா.

அம்மா அதை ஏற்றுக்கொண்டு, கொண்டுவந்த பைகளைப் பீரோவிடம் ஒப்படைத்து, எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லப் போனார். அப்பா மகனைத் தனியே அழைத்து, திட்டங்களின் கதையைக் கேட்டுவிட்டு, நாளைக்கே முழுத் திட்டத்துக்கு மாறச் சொன்னார். மேடு ஏறினால் பசிக்கும், பசித்தால் இரண்டு தட்டாகச் சாப்பிடு, சாப்பாட்டை எடைக்கு வாங்காதே, எடைக்கு விற்பது நம் தொழில், தின்பது இல்லை என்றார். பருவம் முடியும்போது மறுபடி தராசோடு வருவாராம்.

நூலுக்குத் தலை சுற்றியது. வாரக்கணக்கில் தழையும் சோளப்பொரியும் தின்று எடை கூடியிருக்கிறது. அப்படியானால் அந்தத் திட்டத்தை ஏன் விட வேண்டும்? ஓட்டுநர் தராசை வேனில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் அருகே போய் மெதுவாகக் கேட்டான், "அண்ணே, தராசுல ஏதாவது கோளாறா?"

ஓட்டுநர் முடிச்சை இழுத்து இறுக்கினார். "தராசு சரியாத்தான் இருக்கு தம்பி. எல்லாரும் முள்ளைப் பார்த்தீங்க, நான் மட்டும் பழக்கத்துல காலைப் பார்த்தேன். கடைக்கு வந்த நாள்ல இருந்து இன்னிக்குத்தான் பலகை மேல முதலாளியோட செருப்பைப் பார்க்கிறேன்."