திறக்க மறுத்த கூழ்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் அது உதவாததோடு நிற்கவில்லை. சட்டியைத் திறக்கவே விடாமல் மூடியைப் பிடித்துக்கொண்டது.

ஊர்காவற்றுறையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர் ஜெசிந்தா. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னை (காரணம் இன்றுவரை விளங்கவில்லை). எழுவைதீவில் படகு வைத்து மீன்பிடிக்கும் அவருடைய அப்பாதான் சம்மதிக்கவில்லை. "படிச்ச பெடியன், சரி. ஒரு வேலை உருப்படியாச் செய்வாரோ?" என்று கேட்டாராம். நான் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் நன்றாகக் காய்ச்சுவேன் என்று ஜெசிந்தா சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஞாயிறு பூசை முடியக் காய்ச்சிக்கொண்டு வரட்டும், பாப்பம்."

ஆக, என் கல்யாணமே கூழில் மிதந்தது.

நண்டு, இறால், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, என் ஆயுளிலேயே திறமான கூழைக் காய்ச்சினேன். படகில் கூழ் சிந்தும் என்பது தீவுப் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். அரைப் பாத்திரம் ஊற்றி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு போவார்கள். நான் பௌதிக ஆசிரியர் அல்லவா? ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள சில்வர் பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஆவி பறக்கும்போதே இறுக்கி மூடினேன். படகில் மடி சுட்டது. காலடியில் தேங்கிநின்ற கடல் தண்ணீரில் பாத்திரத்தை வைத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. தலை நிமிர்ந்து இறங்கினேன்.

ஜெசிந்தாவின் அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் கூழ் குடிக்கப் பனையோலையில் மடித்த பிளாக்களோடு முற்றத்தில் காத்திருந்தார்கள். மூடியைத் தூக்கினேன். அசையவில்லை.

"திறவும் தம்பி."

"ஓம் ஐயா, இந்தா..."

மூத்த அண்ணன் இழுத்தார். வலை இழுத்துப் பழகிய கை. மூடியோடு பாத்திரமும் சேர்ந்து எழும்பியது. இளையவர் பாத்திரத்தைக் காலிடுக்கில் வைத்துப் போராடிவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உள்ளுக்குக் கூழ்தான் இருக்கோ?"

எனக்கோ காரணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஐயா, உள்ளுக்கு இருந்த ஆவி குளிர்ந்து தண்ணியாப் போச்சு. மிச்சக் காத்தின்ர வெப்பநிலையும் குறைஞ்சிட்டுது. கனவளவு மாறேல்லை. அதால அமுக்கம் குறைஞ்சு, வெளிக்காத்து மூடியை அமத்துது."

முற்றத்து மணலில் சமன்பாட்டையும் எழுதிக் காட்டினேன். அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"உந்தக் கணக்கை எழுதினாத் திறக்குமோ?"

"திறக்காது ஐயா."

"அப்ப எப்பிடித் திறக்கிறது?"

(இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.)

அப்பா உளியும் சுத்தியலும் எடுக்க எழும்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா குசினியிலிருந்து வந்தார். மணலைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. (அதற்காக மட்டுமே ஆயுள் முழுக்க அவரைக் கும்பிடலாம்.)

"சேர், நீங்கள் எழுதினது சரிதான். வெப்பநிலை குறைஞ்சு இறுகினது, கூட்டினா இளகும்தானே?"

கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை இறக்கினார். பொறுத்திருந்து, கரண்டிக் காம்பால் ரப்பர் வளையத்தை மெல்ல நெம்பினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடி கையோடு வந்தது. நான் எழுதி வைத்துக்கொண்டு முழித்த கணக்கை, அவர் குசினிச் சட்டியில் செய்து முடித்துவிட்டார். அப்படியொரு அழகை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் கண்டதில்லை.

அப்பா பிளாவில் வாங்கிக் குடித்தார். பிளாவைத் திரும்பவும் நீட்டினார்.

"கூழ் நல்லாத்தான் காய்ச்சியிருக்கிறீர். திறக்கத்தான் தெரியேல்லை. அதுக்கு எங்கட பிள்ளை இருக்கிறாள்."

அதுதான் சம்மதம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கல்யாணத்துக்கு ஜெசிந்தாவின் அப்பா, அதாவது என் மாமா, ஒரு புதுப் பாத்திரம் தந்தார். மூடியின் நடுவில், தன் கையாலேயே ஆணி அடித்துப் போட்ட ஓட்டை. இன்றும் எழுவைதீவுக்கு அதில்தான் கூழ் கொண்டுபோகிறோம்; படகு ஆடும்போதெல்லாம் ஓட்டையால் என் மடியில் வழிகிறது. நனைந்த சாரத்தோடு நான் இறங்குவதைக் கண்டதும் மாமா துறையில் நின்றே கத்துவார்:

"பிள்ளை, பயமில்லை! இண்டைக்குத் திறக்கும்!"