கார்த்திகை கம்பவுண்டர்

ஒரு சைக்கிளைப் பார்த்து ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்ட ஊர் உலகத்திலேயே எங்கள் தென்காசி ஒன்றாகத்தான் இருக்கும். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஊர் வைத்த பெயர் கார்த்திகை கம்பவுண்டர்.

முன்னால் கார்பைடு விளக்கு, கைப்பிடி இரண்டிலும் எண்ணெய் விளக்கு, பின்னால் சிவப்புக் கண்ணாடி போட்டு இரண்டு. அந்தி மயங்கியதும் அத்தனையும் எரியும். முதலில் கார்பைடு நாற்றம் வரும், பிறகு வெளிச்சம், கடைசியாகத்தான் கம்பவுண்டர்.

ஒருநாள் புதிதாக வந்த போலீஸ்காரர் மறித்தார். "விளக்கில்லாம வந்தா கேஸ் எழுதலாம். இம்புட்டு விளக்கோட வாரவருக்கு என்னத்த வே எழுத?" என்று குழம்பியவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சல்யூட் அடித்து அனுப்பினார்.

நானே கேட்டிருக்கிறேன். "ரோட்டைப் பாக்க ஒரு விளக்கு போதாதா அண்ணாச்சி?"

"ரோட்டை நான் பாத்துக்கிடுவேன் வே. நான் வாரது மத்தவனுக்குத் தெரியாண்டாமா?"

யுத்த காலத்தில் ஒரு சாரல் சீசன். குற்றாலத்தில் குளித்துவிட்டு, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். இலஞ்சிக் குளத்துப் பக்கம் பஸ்ஸின் விளக்குகள் முன்னும் பின்னும் ஒருசேர அணைந்தன. மழையில் ரோடு எது, குளம் எது என்று தெரியவில்லை. டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

"பின்னால மர லாரி வருமே! அவன் கண்ணுக்கு நாம தெரியமாட்டோமே!" என்று கண்டக்டர் அலறினார். பிள்ளைகள் அழத் தொடங்கின.

அப்போதுதான் மழைக்குள் அந்த வெளிச்சம் வந்தது. நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கம்பவுண்டர் சைக்கிளை விட்டு இறங்கினார். சிவப்பு விளக்கில் ஒன்றைக் கழற்றி பஸ்ஸின் முதுகில் கட்டினார்.

"டிரைவரே, என் பின்னாலயே வாரும். நான் திரும்பினா திரும்பும், நின்னா நில்லும்."

கொஞ்ச தூரம் போயிருப்போம். மர லாரி வந்தேவிட்டது. சிவப்பைக் கண்டதும் கிரீச்சென்று வேகம் குறைந்து, சாதுவாக எங்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. சைக்கிளுக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் லாரி. ஊருக்குள் நுழைந்தபோது, சாமி சப்பரம்தான் வருகிறதென்று ஒருவர் கற்பூரத்தோடு ஓடிவந்தார். அன்றைக்கு அந்தக் கற்பூரக்காரரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

டிரைவர் இறங்கிக் கும்பிட்டார். கம்பவுண்டருக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. தலை துவட்ட என் துண்டைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி விளக்குக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் வேட்டித் தலைப்பை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன். மனுஷன் கண்ணாடியைத் துடைத்தபடியே குனிந்து கொடுத்தார்.