முந்நூறு குதிரைக்குத் தீனி

ஐம்பது வயது முடிவதற்குள் காற்று வாங்கிக்கொண்டே ஒரு கார் ஓட்டிவிட வேண்டும் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தீர்மானித்தார். சாதாரணக் காற்று இல்லை. கூரையைத் திறந்துவிட்டு, தலைமுடி பறக்க, எதிரே வருகிறவன் வயிறு எரிய வாங்குகிற காற்று. பறப்பதற்கு அவர் தலையில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அதனால்தான் இவ்வளவு அவசரம்.

தெருமுனை மெக்கானிக்கிடம் அப்படி ஒரு சிவப்புக் கார் விற்பனைக்கு நின்றது. பொத்தானை அமுக்கினால் கூரை மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டே சீட். முந்நூறு குதிரை சக்தி. "ஒரு வாரம் வச்சு ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா சாவியைக் கொடுத்துட்டு அட்வான்ஸை வாங்கிக்குங்க" என்றார் மெக்கானிக். பிடிக்காமல் போகுமா? நம்மவர் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

மனைவி வந்து பார்த்தாள். பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். எதையும் ஆற அமரப் பார்க்கிறவள்.

"இது எதுக்குங்க?"

"சும்மா ஓட்டறதுக்கு."

"சும்மா ஓடாதுங்களே. பெட்ரோலைக் குடிச்சுத் தீர்த்துடுமே."

"அதெல்லாம் பழைய கதை. இந்த மாதிரி இன்ஜின் எல்லாம் பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடிடும்."

அவள் சண்டை போடவில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் சண்டை போடாத விஷயம் எதிலும் அவர் ஜெயித்தது கிடையாது.

"சரி, டாங்க்கை நிரப்பிட்டு வாங்க. நான் ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போற நம்ம பழைய கார் மாதிரி இதுவும் அடக்கமா குடிச்சா வச்சுக்குங்க. அதிகமா குடிச்சா வாரக் கடைசியில திருப்பி விட்டுடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார், டாங்க்கின் ஆழம் தெரியாமல்.

முதல் சவாரிக்கு மனைவியையே அழைத்துப் போனார். காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். கார் முன்னால் போய்விட்டது, இவர்கள் இருவரின் தலைகளும் சற்றுப் பொறுத்துத்தான் போய்ச் சேர்ந்தன. மனைவியின் கொண்டை அவிழ்ந்து பின்னால் வந்த லாரிக்கு டாட்டா காட்டியது.

"நூறைத் தொட எத்தனை செகண்டு ஆச்சு பார்த்தியா?"

"கண்ணை மூடிட்டு இருந்தேன்."

அடுத்து ஒரு வேகத்தடை. கார் தரையோடு தரையாகத் தவழும் ஜாதி. அடிப்பாகம் தேய்ந்த சத்தம் அவருடைய அடிவயிற்றில் கேட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது டாங்க்கில் பாதிதான் இருந்தது. நல்லவேளை, மனைவி முகத்தில் முடி விழுந்திருந்ததால் பெட்ரோல் முள்ளைக் கவனிக்கவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார்.

அவர் மூளை வேலை செய்தது. தினமும் கடையைச் சாத்திவிட்டு வரும்போது பங்க்குக்குள் நுழைந்து டாங்க்கை முட்ட முட்ட நிரப்பிக்கொண்டு வந்தார். மனைவி வாசலுக்கு வந்து முள்ளைப் பார்ப்பாள்.

"அட, அசையவே இல்லையே."

"நான்தான் சொன்னேன்ல?"

"சட்டையில என்னங்க வாசனை?"

"புது சென்ட்."

"நல்லா இருக்கு. எங்க லேப்லகூட சில நாள் இதே சென்ட் அடிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் ராஜா மாதிரி திரிந்தார். மூன்றாம் நாள் காலையில் காரில் ஏறி உட்கார்ந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முந்தின நாள் மாலை நிரப்பிய டாங்க் பாதியாகியிருந்தது. கார் நிறுத்திய இடத்திலேயேதான் நின்றது. குனிந்தார், தவழ்ந்தார், காருக்கடியில் படுத்தே பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாளும் இதே கதை. மெக்கானிக்கிடம் ஓடினார்.

"நின்னுக்கிட்டே குடிக்குதுய்யா இது."

மெக்கானிக் காரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஓட்டை எதுவும் இல்லை சார். முந்நூறு குதிரையாச்சே. கட்டிப் போட்டு வச்சாலும் தீனி திங்காம இருக்குமா?"

"கிண்டலா?"

"நிஜமாவே எனக்குப் புரியலை சார். அது இருக்கட்டும், பின் டயர் ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. மாத்திடுங்க." விலையைச் சொன்னார். அந்தப் பணத்துக்குக் கடையில் ஒரு தெருவுக்கே கண்ணாடி மாட்டி அனுப்பலாம்.

அதற்குப் பிறகு காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று நிரப்ப வேண்டியதாயிற்று. பங்க்காரர் அவரைத் தூரத்தில் கண்டதுமே எழுந்து நின்று கும்பிட ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னால் கார் போய்விடும். சொல்லாவிட்டால் கடை போய்விடும். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. வாரக் கடைசியில் மனைவி பேச்சை எடுப்பதற்குள் அவரே எடுத்தார்.

"இங்க பாரு, அந்தக் காரைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏங்க? ஒரு சொட்டுகூட குடிக்காத வண்டியாச்சே."

"பெட்ரோலுக்காக இல்லை. காத்து ஒத்துக்கலை. கழுத்து பிடிச்சுக்குது."

"ஆசைப்பட்டு வாங்கினீங்களே, பாவம். இன்னும் ஒரு வாரம் வச்சிருங்களேன்."

"ஒரு நாள்கூட வேண்டாம்."

மனைவி உச்சுக்கொட்டிவிட்டு, பிடிக்காத கழுத்துக்குச் சூடு பறக்கத் தைலம் தேய்த்துவிட்டாள். அந்த எரிச்சலோடு அவர் கூரையைத் திறந்துவிட்டு, தெருவைக் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி, மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்தார். உண்மையாகவே அழுகை வந்தது. தைலத்தின் மேல் பழியைப் போட்டார்.

மறுநாள் காலை மனைவி ஓட்ட, அவளுடைய பழைய காரில் கடைக்குக் கிளம்பினார். முள்ளைப் பார்த்தார். டாங்க் நிறைந்திருந்தது.

"நேத்துதான் பெட்ரோல் போட்டியா?"

"நானா? நான் பங்க் பக்கம் போயே ஒரு வாரம் ஆச்சுங்க."

காலடியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து எடுத்தார். நீளமான ரப்பர் குழாய். அதன்மேல் பள்ளி லேபின் முத்திரை. அவர் குழாயைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் ஒழுங்காக இண்டிகேட்டரைப் போட்டு, நிதானமாக வண்டியைத் திருப்பினாள்.

"தினமும் காலையில நீதான் உறிஞ்சினியா?"

"நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரலை."

"அவ்வளவு பெட்ரோலும் இந்தச் சின்ன டாங்க்குக்குள்ள போயிருக்க முடியாதே. மிச்சமெல்லாம் எங்கடி?"

"எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் ஸ்கூட்டர் இருக்குங்க" என்றாள் மனைவி. "ஹெட்மிஸ்ட்ரஸ், உங்க வீட்டுக்காரர் அடுத்த கார் எப்ப வாங்கறார்னு கேட்டாங்க."