உயிரோடு இருந்த மீனுக்கு ஐஸ் போட்டவன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சின்னதம்பி அவர்களுக்கு,

சேலையூரிலிருந்து தசரதன் கைகூப்பி எழுதுவது. குன்றத்தூர் முருகன் புண்ணியத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை பிரேமும் சுகமாக இருப்பீர்கள். இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். மனிதர் அல்லாத ஒருவருக்குத்தான் போன வாரம் ரொம்ப முடியாமல் போய், இப்போது எழுந்திருக்கிறார். எழுந்தே விட்டார் சம்பந்தி! அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். போனில் சொன்னால் பக்கத்தில் பிரேம் இருப்பார். வாட்ஸ்அப்பில் போட்டால் கல்யாண குரூப்பில் இருக்கிற மொத்த சனமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும். அதனால்தான் கடிதம்.

நிச்சயதார்த்தத்தன்று பிரேம் என் மகள் வெண்ணிலாவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியில் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்று கொடுத்தாரே, ஞாபகம் இருக்கும். விசிறி மாதிரி வால், வால் நுனியில் சிவப்பு. மாப்பிள்ளை கொடுத்தது என்பதால் என் வீட்டுக்காரி கிளியம்மாள் அதற்குச் 'சின்ன மாப்பிள்ளை' என்றே பேர் வைத்துவிட்டாள். ஆபீஸ் டிரெய்னிங் என்று வெண்ணிலா ஹைதராபாத் கிளம்பும்போது தொட்டியை என் கையில் கொடுத்து, "அப்பா, நீதான் மீன்காரன். உன்னவிட யாரு நல்லா பாத்துக்கப் போறாங்க?" என்றாள். நானும் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டேன். கோவளத்தில் கூடை தூக்கி ஆரம்பித்து, இன்று தாம்பரத்தில் மூன்று சொந்தக் கடைக்கு மீன் இறக்குகிறவன், விரல் நீளத்து மீனுக்கா பயப்படப் போகிறேன்? அதுவரைக்கும் என் கைக்கு வந்த மீனில் ஒன்றுகூட உயிரோடு வந்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் சாப்பாடு. அதோடு கொடுத்த டப்பாவில் கடுகு மாதிரி உருண்டைகள். ஒரு வேளைக்கு ரெண்டு போதும் என்று எழுதியிருந்தது. சம்பந்தி வீட்டு மீன் நம் வீட்டில் இளைத்துப் போனால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்? சென்னாக்குனி என்கிற பொடி இறால் கருவாட்டை எண்ணெய் விடாமல் வறுத்துப் பொடித்து, காலையில் நான் ஒரு பிடி, நான் போட்டது தெரியாமல் கிளியம்மாள் ஒரு பிடி, அவள் போட்டது தெரியாமல் மதியம் நான் ஒரு பிடி. அதுவும் மரியாதை தெரிந்த மீன், போட்டதையெல்லாம் தின்றது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் வயிறு கோலி குண்டு மாதிரி ஊதி, ஒரு பக்கமாகச் சாய்ந்து தொட்டி அடியில் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்றுதான். கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. "ஃப்ரெஷ்ஷாதான் கீது" என்றேன். கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்: "யோவ், உயிரோட கீதுய்யா அது! தண்ணில வுடு!"

அப்புறம் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "தாலி ஏர்றதுக்கு முன்ன இது பூட்ச்சின்னா பொண்ணு மூஞ்சில எப்டிய்யா முழிப்பேன்? சம்பந்தி வூட்ல சகுனம் பாப்பாங்களே!" அந்த நேரம் பார்த்து வெண்ணிலா வீடியோவில் வந்து மீனைக் காட்டு என்கிறாள். கிளியம்மாள் கேமராவைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு, "சிக்னல் இல்லமா" என்கிறாள். "சிக்னல் இல்லன்னா உன் குரல் மட்டும் எப்டிம்மா கணீர்னு வருது?" என்று பெண் கேட்கிறது. மீன் கெட்டுப்போகிற மாதிரி தெரிந்தால் மீன்காரன் என்ன செய்வான்? ஐஸ் போடுவான். கடைக்கு ஓடி ஒரு மக்கு நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினேன். போட்ட மாத்திரத்தில் சின்ன மாப்பிள்ளை அசையாமல் நின்றுவிட்டார். "பாத்தியா, வலி கொறஞ்சி அமைதியாயிட்சி" என்றேன்.

கோவளத்திலிருந்து வந்திருந்த என் தங்கச்சி கங்கையம்மாள், இருபது வருஷமாக பஸ் ஸ்டாப்பில் மீன் விற்கிறவள், எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, கொயம்புக்கா? இத்த வச்சி ஒரு பூனைக்குக்கூட சோறு போட முடியாதே!" என்றாள். அவளைத் திட்டிக்கொண்டே மீனை ஒரு டப்பாவில் ஊற்றி, ஸ்கூட்டரில் கிளியம்மாள் மடியில் வைத்து, மிருக டாக்டர் ஆல்வினிடம் பறந்தோம். அங்கே எல்லாம் நாய். பக்கத்து நாற்காலியில் ரத்தினபாய் என்று ஒரு அம்மா பூனையோடு உட்கார்ந்திருந்தார்கள். பூனைக்கு ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லையாம். என் டப்பாவைப் பார்த்ததும் அது எழுந்து நின்று நாக்கைச் சுழற்றியது. "அய்யோ, என் ராசாத்திக்குப் பசி வந்துட்டுது!" என்று அந்த அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். கிளியம்மாள் டப்பாவை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயசுதான். "என்ன சாப்பிடக் குடுத்தீங்க?"

"சென்னாக்குனி சார். வறுத்துட்டுதான் போட்டேன். மொளகா போடல."

"எவ்வளவு?"

"வேளைக்கு ஒரு பிடி."

"அதோட வயிறு அதோட கண்ணு சைஸ்தான் சார். தண்ணி ஏன் இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?"

ஐஸ் போட்டதைச் சொன்னேன். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். "சார், செத்த மீனுக்குத்தான் ஐஸ். இது வெதுவெதுப்பா இருக்கிற தண்ணில வாழுற மீனு. மூணு நாள் பட்டினி போடுங்க. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. மருந்துக்குக் காஞ்ச நாட்டு வாதாம் இலை ஒண்ணு தண்ணில போடுங்க."

பட்டினிதான் கஷ்டம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பட்டினி போட்டதில்லை. கிளியம்மாள் மடியில் சென்னாக்குனி இருக்கிறதா என்று நான் சோதனை போட, என் சட்டைப்பையை அவள் சோதனை போட, மேற்குத் தாம்பரத்தில் வாங்கிய ஹீட்டர் ஒரு பக்கம், கடை எதிரே இருக்கிற வாதாம் மரத்து இலை ஒரு பக்கம், தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி ஆகிவிட்டது. நேற்றுக் காலை பார்க்கிறேன், வயிறு வடிந்து, நேராக நின்று, என்னைப் பார்த்துச் செவுளை விரித்து முறைக்கிறார்! சம்பந்தி, லோடு லோடாக மீன் பார்த்திருக்கிறேன். ஒரு மீன் என்னை முறைத்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கை நெத்திலி சேர்த்துப் போட்டேன்.

ஆகையால் இரண்டே வேண்டுகோள். மீனுக்கு முடியாமல் போனது நமக்குள்ளேயே இருக்கட்டும், பிரேமுக்குத் தெரிய வேண்டாம். அடுத்தது, இனிமேல் உயிருள்ள பரிசு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். புடவை கொடுக்கட்டும், மிக்சி கொடுக்கட்டும். சாப்பாடு கேட்காத எதுவாக இருந்தாலும் சரி. மற்றபடி மீன் வளர்ப்பில் இனி எனக்குத் தெரியாதது இல்லை. முகூர்த்த நாளைத் தைரியமாகக் குறியுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிரேமுக்கு ஆசிகள். பிள்ளைகள் இருவரும் வயிறும் மனசும் அளவோடு நிறைந்து நீடூழி வாழட்டும்.

தங்கள் அன்புள்ள,
தசரதன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது கிளியம்மாள் அலறினாள். தொட்டியில் தண்ணீர் மேல் ஒரே நுரை, சோப்புப் போட்ட மாதிரி. சீக்கு திரும்பிவிட்டது என்று பதறி, நுரையை வழித்துச் சாக்கடையில் ஊற்றி, கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுத்தான் டாக்டருக்குப் போன் போட்டேன். "ஐயோ சார், அது நோய் இல்ல! உடம்பு தேறின ஆம்பள மீனு, ஜோடி வந்து முட்டை வைக்கட்டும்னு எச்சில்ல நுரை ஊதி வீடு கட்டும்!" என்றார். மாப்பிள்ளை கட்டிய வீட்டை மாமனார் நானே இடித்துவிட்டேன் சம்பந்தி. இதை எழுதும்போதே அவர் மூலையில் மறுபடி ஊத ஆரம்பித்திருக்கிறார். எனக்கு மனசு தாங்கவில்லை. அதனால் மேலே எழுதிய இரண்டு வேண்டுகோளையும் அடித்துவிடுங்கள். பிரேமுக்கு நானே எல்லாவற்றையும் போனில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் மீனோடு வருகிறேன் என்றிருக்கிறார். தனி டப்பாவில் கொண்டுவரச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் இரண்டையும் ஒரே தொட்டியில் விடக்கூடாதாம். அடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் அதெல்லாம் கூடாது என்று கிளியம்மாள் சொல்கிறாள்.